உப்புக் காற்றைத் தாங்கும் கான்கிரீட்: சிலிக்கா ஃபியூம் கலக்கும் முறை

மண்டபத்தில் எங்கள் வீட்டு சன்ஷேட் பன்னிரண்டே வருடத்தில் உதிர ஆரம்பித்தது. சுத்தியலால் லேசாகத் தட்டினேன், ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து வந்தது. உள்ளே இருந்த 8 மில்லி கம்பி ஈர்க்குச்சி மாதிரி மெலிந்து, சுற்றிலும் துரு அடுக்கடுக்காகக் கிளம்பியிருந்தது. துரு ஏறினால் கம்பியின் பருமன் கூடும். அந்த நெருக்குதலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு உள்ளே போவது கான்கிரீட்டில் இருக்கும் நுண்துளைகள் வழியாக. அதை அடைக்க நல்ல பொருள் சிலிக்கா ஃபியூம். ஃபெர்ரோசிலிக்கான் உலைப் புகையிலிருந்து பிடிக்கும் சாம்பல் நிறத் தூள் இது. சிமெண்ட் துகளைவிட சுமார் 100 மடங்கு பொடி. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சும், அதனால் பலம் கிடையாது. சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து பிணைக்கும் பசையாக மாறிவிடும். அதனால்தான் சிமெண்டைக் குறைத்தாலும் பலம் குறைவதில்லை. மணலும் சிலிக்காதானே என்று கேட்பார்கள். மணல் படிகமாக இறுகியது, சுண்ணாம்போடு சேராது.

அளவு. ஒரு மூட்டை கலவைக்கு: ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட்) சிமெண்ட் 46 கிலோ, சிலிக்கா ஃபியூம் 4 கிலோ, எம்-சாண்ட் 90 கிலோ, ஜல்லி 150 கிலோ, தண்ணீர் 21 லிட்டர், சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) டப்பாவில் போட்டிருக்கும் அளவு. சிமெண்டில் 8 சதவீதம் மிச்சம். இது தொடக்க அளவுதான். உங்கள் மணல், ஜல்லியில் சோதனைக் கட்டிகள் போட்டு, பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தளத்துக்கு எடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இன்படி கடலோரக் கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் பலம்) வேண்டும், சிமெண்டும் சிலிக்கா போன்ற சேர்மானமும் சேர்ந்து கனமீட்டருக்கு 320 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. மேலும் சிமெண்டைக் குறைக்க நினைத்தால் அனல் மின் நிலையச் சாம்பலையும் சேர்க்கலாம், ஆனால் முதல் தடவையே வேண்டாம்.

தண்ணீர். இங்கேதான் எல்லாம் கெடுகிறது. சிலிக்கா போட்டால் கலவை பிசுபிசுப்பாக இருக்கும். உடனே கொத்தனார் "இன்னும் ஒரு குடம் ஊத்துப்பா" என்பார். ஊற்றாதீர்கள். கலவை இளக வேண்டுமானால் பிளாஸ்டிசைசரைச் சரிபாருங்கள். மணலின் ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்: 90 கிலோ மணலில் 3 சதவீத ஈரம் இருந்தால் அதுவே 2.7 லிட்டர், அதை 21-லிருந்து கழித்துவிட வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பிக் கான்கிரீட்டுக்கு ஆகாது, சோதித்துவிட்டு ஊற்றுங்கள். கடற்கரை மணல் பக்கமே போக வேண்டாம்.

கலப்பது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தூள் பறக்கும். மிக்சரில் முதலில் ஜல்லியும் முக்கால் பங்கு தண்ணீரும். அப்புறம் சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி ஒன்றரை நிமிடம் சுற்ற விடுங்கள், ஜல்லி உரசித்தான் அதன் கட்டிகள் உடையும். அடுத்து சிமெண்ட், பிறகு மணல், கடைசியில் மீதித் தண்ணீரோடு பிளாஸ்டிசைசர். இன்னும் ஐந்து நிமிடம் சுற்றட்டும். ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் உருண்டை தென்பட்டால் இன்னும் கலக்க வேண்டும்.

போடுவது. கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விடும் கவர் பிளாக் 45 மில்லி வையுங்கள், அலைத் துளி தெறிக்கும் இடமென்றால் 50. வைப்ரேட்டர் கட்டாயம்.

நீராற்றல் (க்யூரிங்). இந்தக் கான்கிரீட்டில் உள்ளிருக்கும் தண்ணீர் மேலே ஊறி வராது. நம் கடல் காற்றில் அரை மணி நேரத்திலேயே மேல்பரப்பு காய்ந்து தலைமுடி விரிசல் விடும். மட்டம் தட்டியதும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். இறுகிய பிறகு ஈரச்சாக்கு போட்டு 14 நாள் காயவே விடாதீர்கள். காற்று சாக்கைத் தூக்கிவிடும், ஓரமெல்லாம் செங்கல் வையுங்கள்.