சபைப் பொறுப்பிலிருந்து விடைபெறும்போது நன்றி சொல்வது எப்படி?

கிறிஸ்தவ சபையில் மூப்பராகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ பணியாற்றி விலகுகிறவர், கடைசி ஆராதனையில் "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் சொல்லி அமர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதில் குற்றமில்லை, ஆனால் பல ஆண்டுகள் தோள்கொடுத்தவர்களுக்கு அது போதாது. பதவிக்காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இதற்கு ஆயத்தப்படுங்கள்.

முதல் வேலை, பெயர்ப் பட்டியல் எழுதுவது. இதில் நினைவை மட்டும் நம்பக்கூடாது. மேடையில் நின்றவர்கள் தாமாக நினைவுக்கு வருவார்கள். ஆராதனைக்கு முன் ஆலயக் கதவைத் திறந்தவரும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுமையோடு கவனித்தவரும், வியாதிப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சொல்லாமலே போய் ஜெபித்தவரும் வரமாட்டார்கள். ஆகவே கமிட்டியின் கூட்டக் குறிப்பேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துவைத்து, மாதம் மாதமாகப் புரட்டி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்த ஒரு செயலையாவது குறித்துக்கொள்ளுங்கள். வேதாகமத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல் இதைத்தான் செய்கிறார். 20-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்தும் அவர், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தம் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்கத் துணிந்ததையும், மரியாள் மிகவும் பிரயாசப்பட்டதையும், ரூபின் தாய் தமக்கும் தாயாக இருந்ததையும் தனித்தனியே சொல்கிறார். நிருபத்தைக் கையால் எழுதிய தெர்தியுவின் வாழ்த்துதலுக்கும் அங்கே இடமிருக்கிறது.

பட்டியல் ஆயத்தமானபின், எதைச் சபைக்கு முன் சொல்வது, எதைக் கடிதத்தில் எழுதுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் கடிதமே மேலானது. ஒருவர் உங்களை ஆறுதல்படுத்திய துயரத்தையோ, இரகசியமாகச் செய்த பண உதவியையோ பொதுவில் சொன்னால் அவர் கூச்சப்படுவார். இரண்டு பத்திக் கடிதத்தில் அதே சொற்கள் அவரைப் பலப்படுத்தும். கருத்து வேறுபட்டவர்களை விட்டுவிடாதீர்கள். கமிட்டியில் உங்கள் யோசனையை எதிர்த்து, அதனால் ஒரு தவறான முடிவைத் தடுத்தவர் இருந்தால், எந்தக் காரியத்தில் அப்படி நடந்தது என்பதையும் குறிப்பிட்டு அவருக்கு நன்றி எழுதுங்கள். மனவருத்தம் இன்னும் தீராமல் இருப்பவரிடமோ முதலில் நேரில் போய் ஒப்புரவாகுங்கள். அதற்குமுன் அனுப்பும் நன்றிக் கடிதம் அவருக்கு வெறும் சம்பிரதாயமாகவே தோன்றும்.

சபைக்கு முன் பேசுவது ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, சபையார் ஒன்றுகூடிச் செய்த இரண்டு மூன்று காரியங்களை நினைவுகூர்ந்து, உங்கள் குடும்பத்தாருக்கும் நன்றி சொல்லுங்கள். கூட்டங்களுக்காக நீங்கள் வெளியே சென்ற மாலைப்பொழுதுகளின் சுமையைச் சுமந்தவர்கள் அவர்களே. உங்கள் சாதனைகளை வரிசைப்படுத்தாதீர்கள்.

கணக்கை ஒப்படைப்பதும் நன்றியின் ஒரு பகுதிதான் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மக்கள் நம்பிக் கொடுத்ததைச் சரியாகக் காட்டித் திருப்பிக் கொடுப்பதே அந்த நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை. 1 சாமுவேல் 12-இல், முதிர்வயதில் ஜனங்களுக்கு முன் நின்ற தீர்க்கதரிசி சாமுவேல், யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருக்கு அநியாயம் செய்தேன் என்று கேட்டு, அவர்கள் சாட்சி சொல்ல இடங்கொடுத்தார். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெற்ற பவுலும், ஒருவருடைய வெள்ளியையோ பொன்னையோ வஸ்திரத்தையோ தாம் இச்சிக்கவில்லை என்று சொன்னார். தணிக்கை செய்த கணக்கு, சாவிகள், ஆவணங்கள், வங்கிக் கையொப்ப மாற்றம், முடியாமல் நிற்கும் வேலைகளின் குறிப்பு ஆகிய அனைத்தையும் எழுத்துமூலம் ஒப்படையுங்கள்.

அடுத்து வருகிறவரைச் சபைக்கு முன் பெயர் சொல்லி வாழ்த்துங்கள்; மோசே இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்பாகத்தான், தமக்குப்பின் அவர்களை நடத்தவேண்டிய யோசுவாவைத் திடப்படுத்தினார். விலகியபின் பழைய பழக்கத்தில் உங்களிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களை அன்போடு அவரிடமே அனுப்புங்கள். ஜனங்களுக்காக ஜெபிப்பதை நிறுத்துவது தமக்குப் பாவம் என்று சாமுவேல் சொன்னதை மனதில் வைத்து, நீங்கள் எழுதிய பெயர்ப் பட்டியலை எறிந்துவிடாமல், உங்கள் தனி ஜெபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.