பாடல் தலைப்பின் எழுத்து வடிவத்தை வாசிப்பது எப்படி? பில்லி ஐலிஷ் பாடல்களைக் கொண்டு ஒரு பயிற்சி

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், ஆங்கிலப் பாடல்களின் தலைப்பில் பாடகர்கள் செய்யும் நுட்பமான வேலை நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. அதைக் கவனிக்கப் பழகுவதற்கு அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷை விடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: செய்தித்தாள்கள் தம் நடைக்கேற்பத் தலைப்புகளைத் திருத்திவிடுவதுண்டு என்பதால், ஸ்பாட்டிஃபை போன்ற இசைத் தளத்தில் உள்ள பாடல் பட்டியலைப் பார்த்து, தலைப்புகளை ஆங்கில எழுத்திலேயே ஒரு நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பட்டியலில் எது தனித்து நிற்கிறது என்று பாருங்கள். 2017இல் வந்த 'டோன்ட் ஸ்மைல் அட் மீ' தொகுப்பில் மற்ற தலைப்புகள் சிறிய எழுத்தில் இருக்க, 'காப்பிகேட்' மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது. தன்னைப் பார்த்து நகலடிப்பவரை நேருக்கு நேர் சாடும் பாடல் அது. நடுவே மன்னிப்புக் கேட்பதுபோல் தணிந்து, உடனே அந்த மன்னிப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

மூன்றாம் படி: இடைவெளிகளையும் குறிகளையும் பாருங்கள். அதே தொகுப்பில் 'ஐ டோன்ட் வான்னா பி யூ எனிமோர்' என்ற ஆறு சொற்களும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக ஒட்டியிருக்கின்றன. கண்ணாடியில் தெரியும் தன்னையே வெறுக்கும் பெண்ணின் பேச்சு அது. மூச்சு விடாமல் உதிரும் அந்த வாக்கியத்தை முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தபோது எனக்கே நெஞ்சு அடைத்தது.

நான்காம் படி, என் மனதுக்கு மிக நெருக்கமானது: தலைப்புகளை வரிசையாகச் சேர்த்துப் படியுங்கள். 2019ஆம் ஆண்டுத் தொகுப்பின் கடைசி மூன்று தலைப்புகள் 'நான் போவதற்கு முன் கேள்', 'உன்னை நேசிக்கிறேன்', 'போய் வருகிறேன்' என்று பொருள்படும். சேர்த்தால் ஒரே விடைபெறும் வாக்கியம். எல்லாம் சிறிய எழுத்தில் இருப்பதால் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடமே தெரிவதில்லை. 'நான்' என்பதைக் குறிக்கும் 'ஐ' என்ற எழுத்தை எங்கு வந்தாலும் பெரிதாகவே எழுத வேண்டும் என்பது ஆங்கில இலக்கணம். இங்கே அதுவும் சிறுத்துக் கிடப்பது, பேசுபவள் தன்னைச் சுருக்கிக்கொண்டு நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

ஐந்தாம் படி: பாடலைக் கேட்டு உங்கள் ஊகத்தைச் சோதியுங்கள், பொருந்தாவிட்டால் தயங்காமல் கைவிடுங்கள். 2024இல் வந்த 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' தொகுப்பில் பத்துத் தலைப்புகளுமே பெரிய எழுத்தில் உள்ளன. மென்மையான கிட்டாரில் தொடங்கும் 'வைல்ட்ஃபிளவர்' பாடலும் அப்படியே இருப்பதால், 'காப்பிகேட்' பாடலில் போல இங்கே பெரிய எழுத்துக்குக் கோபம் என்று பொருள் கொள்ள முடியாது. முன்னோட்டமாக ஒரு பாடலைக்கூடத் தனியே விடாமல் முழுத் தொகுப்பையும் ஒன்றாகவே வெளியிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பத்தையும் ஒரே படைப்பாகக் கேட்கச் சொல்லும் சீருடை அது என்று நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.