ஒரு ஈடு முறுக்கு, ஒரு ரவுண்டு ரெய்டு

காரைக்குடியில் பலகாரம் போடுவது என் தொழில். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் கல்யாண வீடுகளுக்கு ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அடுப்புக்கும் பாதி நாள் ஓய்வு. அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான், அழகப்பா பொறியியல் கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் என் போனில், வீரர்களைச் சேர்த்து வளர்த்துச் சண்டைக்கு அனுப்பும் ‘ரெய்டு: ஷேடோ லெஜண்ட்ஸ்’ விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். “சும்மா ஆட்டோவுல போட்டு விடுங்க சித்தி, அதுவே சண்டை போட்டுக்கும்” என்றான்.

அதுவும் போட்டுக்கொண்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் என்னிடம் எழுபது ஆட்களுக்கு மேல் இருந்தார்கள். ஒருவர்கூட 40ஆவது லெவலைத் தொடவில்லை. யாரைப் பார்த்தாலும் பாவமாக இருந்ததால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊட்டி வைத்திருந்தேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணச் சீராக வந்த சாமான்கள் ஓர் அறை நிறைய இருக்கும். பித்தளையும் எவர்சில்வரும் எனாமலுமாகக் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். பூட்டைத் திறந்து பார்க்கப் பெருமைதான், ஆனால் அன்றாடம் உலை வைப்பது அடுப்படியில் இருக்கும் நாலு பாத்திரத்தில். என் கணக்கில் அறை நிறையச் சாமான் இருந்தது, அடுப்படியில் ஒரு பாத்திரம் இல்லை.

கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் செய்யவில்லை, இருந்ததை வைத்தே ஒழுங்குபடுத்தினேன். நீங்கள் இன்று தொடங்குகிறீர்கள் என்றால் அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சம்.

ஆரம்பத்தில் கேல், ஏதல், எல்ஹைன், கேலக் என்று நான்கு பேரைக் காட்டி ஒருவரை எடுக்கச் சொல்லும். கேலை எடுங்கள். எதிரிகள் எல்லோரையும் ஒரே வீச்சில் அடிப்பான், விஷமும் வைப்பான். அந்த விஷம் பின்னால் கிளான் பாஸ் என்ற பெரிய அரக்கனிடம் போகும்போது அவ்வளவு உதவும். ஏதலும் மோசமில்லை. மற்ற இருவரை எடுத்துவிட்டேனே என்று யாரும் அழவேண்டாம், நாள் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். முதல் ஆள் 6 நட்சத்திரமும் 60ஆவது லெவலும் எட்டும் வரை வேறு யாரையும் பெரிதாக வளர்க்காதீர்கள். காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆளுக்கு எத்தனை நட்சத்திரமோ, அதே நட்சத்திரத்தில் அத்தனை ஆட்களைத் தீனியாகப் போட்டால்தான் அவர் அடுத்த நட்சத்திரத்துக்குப் போவார். தீனியானவர் போனவர்தான், திரும்ப வரமாட்டார். அதற்கும் முன்னால் தன் உச்ச லெவலை அவர் தொட்டிருக்க வேண்டும். 3 நட்சத்திரக்காரருக்கு 30, 4க்கு 40, 5க்கு 50. ஆக 5லிருந்து 6க்கு ஏற, 5 நட்சத்திர ஆட்கள் ஐந்து பேர் தீனி. அந்த ஐந்து பேரையும் நாம்தான் கீழிருந்து ஏற்றிக் கொண்டுவர வேண்டும். 3 நட்சத்திர ஆட்களாகவே எண்ணிப் பார்த்தால் 6 பெருக்கல் 5 பெருக்கல் 4, மொத்தம் 120 பேர். 2 நட்சத்திரத்திலிருந்து எண்ணினால் 360. இதில் நம் ஆளும் ஒருவர், மீதி அத்தனையும் தீனி. இந்தக் கணக்கைப் பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான், எழுபது பேருக்கும் பகிர்ந்து ஊட்டியதில் என்ன நடந்தது என்று எனக்கு உறைத்தது.

விளையாட்டில் கோழிகளும் வரும். நிஜமாகவே கோழிதான். சண்டைக்கு உதவாது, நட்சத்திரம் ஏற்றத் தீனியாகப் போடத்தான். செட்டிநாட்டில் கோழியைப் பார்த்தால் மிளகும் கல்பாசியும்தான் நினைவுக்கு வரும், இங்கே அதை அப்படியே ஹீரோவுக்குப் போட்டுவிடுகிறோம். 4 நட்சத்திரக் கோழி கிடைத்தால் அது 4லிருந்து 5க்கு ஏறும் இடத்துக்கு. அவசரப்பட்டுச் சும்மா லெவல் ஏற்ற அதைப் போட்டுவிடாதீர்கள்.

அந்த 120 பேரை எங்கே வளர்ப்பது? கேம்பெயினில். 12 அத்தியாயம், ஒவ்வொன்றிலும் 7 கட்டம், ஆக 84. நார்மல், ஹார்டு, புரூட்டல், நைட்மேர் என்று அதே 84 கட்டங்கள் கடினம் கூடிக்கூடி வரும். குழுவில் நான்கு பேர் போகலாம். உங்கள் பெரிய ஆள் ஒருவர், கூடவே தீனிக்கு வளரும் மூன்று பேர். பெரியவர் அடிப்பார், சின்னவர்கள் நின்று வேடிக்கை பார்த்தே லெவல் ஏறுவார்கள். அனுபவப் புள்ளி நால்வருக்கும் சமமாகப் பிரியும். உங்கள் ஆள் தனியாக நின்று ஜெயிக்கக்கூடிய கட்டங்களில் கடைசிக் கட்டம் எதுவோ, அங்கேயே நின்று சுற்றுங்கள். போகப்போக புரூட்டலில் 12ஆம் அத்தியாயம் 3ஆம் கட்டத்துக்கு வந்து சேர்வீர்கள். ரெய்டு ஆடுகிறவர்களிடம் ‘பன்னிரண்டு-மூன்று’ என்று மட்டும் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

எனக்கு ஒரு ஈடு முறுக்கு எண்ணெயில் போட்டு ஜல்லிக்கரண்டியால் அள்ளுவதற்குள் இரண்டு மூன்று சுற்று ஓடிவிடும். ஆனால் போன் அடுப்புப் பக்கமே வரக்கூடாது. இந்த விளையாட்டு போனை ஏற்கெனவே சூடேற்றும், அதோடு இருப்புச்சட்டிச் சூடும் சேர்ந்தால் தாங்காது. செட்டிங்கில் படத்தின் தரத்தைக் குறைத்து, ஜன்னலோரம் வைத்துவிடுங்கள்.

தீனி என்றதும் கையில் கிடைத்தவர்களை எல்லாம் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஆளின் படத்தைச் சுற்றியுள்ள பெட்டியின் நிறம்தான் அவர் எவ்வளவு அரிது என்று காட்டும்: சாம்பல், பச்சை, அதற்கு மேல் நீலமான ‘ரேர்’, அதற்கும் மேல் எபிக், லெஜண்டரி. வெறும் ரேர் வகைதானே என்று கோல்டுஹார்ட் என்ற பெண்ணைத் தீனியாக்கிவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். அக்கா மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்துவிட்டான். “சித்தி, யாரையாவது கேட்டுட்டுப் போடக்கூடாதா?” பெரிய பாஸ்களின் உயிர் எவ்வளவோ அதற்கேற்ற விகிதத்தில் அடிக்கிறவளாம் அவள். லெஜண்டரி வைத்திருப்பவர்கள்கூட அவளை வளர்ப்பார்களாம். பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கோல்டுஹார்ட், எல்லோரையும் வேகப்படுத்தி உயிரும் கொடுக்கும் அபாத்திகரி, எதிரிகள் அத்தனை பேரின் தற்காப்பையும் ஒன்றாகக் குறைக்கும் வார்மெய்டன், விஷம் வைக்கும் ஃப்ரோசன் பான்ஷி. நால்வருமே ரேர்தான். கிடைத்த உடனே பூட்டுச் சின்னத்தை அழுத்திப் பூட்டிவிடுங்கள், தவறிக் கை பட்டாலும் போகாது. எபிக், லெஜண்டரி வகைகளைத் தீனியாகப் போடும் பேச்சே ஆரம்பத்தில் வேண்டாம். சாம்பல், பச்சைப் பெட்டிக்காரர்களைத் தாராளமாகப் போடலாம். எனக்கும் முதலில் மனம் வரவில்லை, பழகிவிட்டது.

அடுத்தது கவசம். ஒவ்வொருவருக்கும் ஆயுதம், தலைக்கவசம், கேடயம், கையுறை, மார்புக்கவசம், காலணி என்று ஆறு இடங்கள். ஒரே செட்டில் இரண்டோ நான்கோ சேர்ந்தால் கூடுதல் பலன் உண்டு. தனியாக நின்று சண்டை போடும் முதல் ஆளுக்கு லைஃப்ஸ்டீல் நான்கு துண்டு போட்டுவிடுங்கள். அவர் அடிக்கும் அடியில் 30 சதவீதம் அவருக்கே உயிராகத் திரும்பும், மருத்துவர் தேவைப்படாது. மீதி இரண்டு இடத்துக்கு ஸ்பீடு செட். அது இரண்டு துண்டுக்கே 12 சதவீத வேகம் தரும்.

வேகம்தான் இதில் ராஜா. இது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. தாக்குதல் எண் பெரிதாக இருந்தால் போதும் என்றிருந்தேன். என்னிடம் இரண்டு பேர் கைமுறுக்கு சுற்றுகிறார்கள். ஒருவர் சுற்றினால் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும், ஆனால் அவர் ஒன்று முடிப்பதற்குள் மற்றவர் இரண்டை முடித்துத் துணியில் வைத்திருப்பார். சண்டையும் இப்படித்தான். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கோடு நிரம்பிக்கொண்டே வரும், நிரம்பினால் அவர் முறை. வேகம் இருந்தால் கோடு சீக்கிரம் நிரம்பும், எதிரி ஒருமுறை அடிப்பதற்குள் நாம் இருமுறை அடிக்கலாம். ஆறு இடங்களில் காலணியில் மட்டும்தான் வேகம் முதன்மைக் குணமாக வரும். அதனால் வேகக் காலணி கிடைத்தால் மற்ற எதையும் விட அதை முதலில் ஏற்றுங்கள்.

கவசத்தின் லெவலை ஏற்றுவதற்கு விளையாட்டுக்குள் புழங்கும் காசான சில்வர் செலவாகும், கழற்றி வேறொருவருக்கு மாட்டவும் செலவாகும். 16 வரை ஏற்றலாம் என்பதற்காக எல்லாவற்றையும் 16க்குக் கொண்டுபோனால் கஜானா காலி. ஆரம்பத்தில் 8 போதும், ரொம்ப நல்ல துண்டு என்றால் 12. குறைந்த நட்சத்திரக் கவசங்களை விற்றுவிடுங்கள்.

ஒவ்வோர் ஆளுக்கும் சண்டைக்கென்று ஒரு நிறம் உண்டு, பெட்டியின் நிறம் வேறு, இது வேறு. நிறப் பொருத்தம் எளிது. சிவப்பு நீலத்தை வெல்லும், நீலம் பச்சையை, பச்சை சிவப்பை. ஊதாவுக்குப் பகையும் இல்லை, உறவும் இல்லை. பொருத்தமில்லாத நிறத்தோடு மோதினால் அடி பலவீனமாக விழக்கூடும், அப்படி விழுந்த அடியில் விஷம், தற்காப்புக் குறைப்பு எதுவும் ஒட்டாது. எங்காவது மாட்டிக்கொண்டு ஏன் என்று புரியாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இப்போது ஜெம். சிவப்புக் கற்கள். இவைதான் நம் முதல், இதில் கைவைப்பதை யோசித்துச் செய்ய வேண்டும். முதல் 1500 ஜெம் முழுவதும் ஜெம் சுரங்கத்துக்கு. 500 வீதம் மூன்று படி. முழுக்கக் கட்டிவிட்டால் தினம் 15 ஜெம் தரும், அதாவது போட்ட பணம் நூறு நாளில் திரும்பும், அப்புறம் வருவதெல்லாம் வட்டி. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சுரங்கத்தில் வந்து நிற்பதை அவ்வப்போது எடுத்துவிடுங்கள், அதன் கொள்ளளவு நிறைந்தால் மேற்கொண்டு சுரக்காது.

சண்டைக்குப் போகச் செலவாகும் எனர்ஜி மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஊறும், மணிக்கு 20. அளவு நிறைந்துவிட்டால் நின்றுவிடும். அதனால் தூங்கப் போகும்முன் காலி செய்துவிட்டுப் போவது நல்லது. உங்கள் கணக்கின் லெவல் ஏறும்போது எனர்ஜி நிறைய வரும். பரிசாக வரும் எனர்ஜிப் பாட்டில்களை வந்த அன்றே குடிக்காமல் சேர்த்து வைத்தால், நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் கைகொடுக்கும். சந்தையில் ஒரு மணிக்கொரு முறை சரக்கு மாறும், சில்வர் கொடுத்தே ஷார்டு வாங்கலாம். சாதாரண ஷார்டு தீனிக்கு ஆகும், எப்போதாவது ஏன்ஷியன்ட் ஷார்டும் வந்து நிற்கும்.

ஷார்டு என்பது ஆட்கள் அடைபட்டிருக்கும் கல், உடைத்தால் யாராவது வருவார். கை அரிக்கும் இடம் இதுதான். நீல ஏன்ஷியன்ட் ஷார்டில் லெஜண்டரி வரும் வாய்ப்பு 0.5 சதவீதம், எபிக் 8 சதவீதம், மீதியெல்லாம் ரேர். “அப்போ 200 உடைச்சா ஒண்ணு வந்துரும்ல?” என்று கேட்டேன். அக்கா மகன் கால்குலேட்டரை எடுத்துக் காட்டினான். 200 உடைத்தும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. லெஜண்டரி வராமலே 200ஐத் தாண்டினால்தான், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போகும். மஞ்சள் சேக்ரட் ஷார்டில் மட்டும் 6 சதவீதம், வராவிட்டாலும் எபிக் நிச்சயம். வாய்ப்பை இரட்டிப்பாக்கும் நாட்கள் அவ்வப்போது வரும், பெரும்பாலும் வார இறுதியில். அதுவரை உடைக்காமல் வையுங்கள். முதல் மாதம் மட்டும் விதிவிலக்கு, நாலு பேர் இல்லாமல் சண்டைக்கே போக முடியாதே, கொஞ்சம் உடைத்துக்கொள்ளலாம்.

தினசரிப் பணிகளை மட்டும் விடாதீர்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்கு 21 இழை சேர்ப்பார்களே, அந்த மாதிரி நாளுக்கு ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகும். விடாமல் உள்ளே வருவதற்கென்றே ஹை கதுன் என்ற எபிக்கையும், 180ஆவது நாளில் சில் என்ற லெஜண்டரியையும் எனக்குக் கொடுத்தது. முறுக்கு ஆர்டர் மும்முரமான தை மாதத்திலும் திறந்து மூடிவிட்டாவது போனேன். இன்னொரு பக்கம் ‘மிஷன்’ என்று வரிசையாக வேலைகள் இருக்கும். அத்தனையும் முடித்தால் ஆர்பிட்டர் என்ற லெஜண்டரி இலவசம். மாதக்கணக்கில் ஆகும். நான் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறேன்.

கிளான் என்பது ஆடுகிறவர்கள் ஒன்றுசேரும் குழு, அதில் சீக்கிரம் சேருங்கள். ஆள் நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல், எல்லோரும் தினம் கிளான் பாஸை அடிக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த அடிக்கேற்ற பெட்டி மறுநாள் கிடைக்கும், நல்ல பெட்டி என்றால் ஷார்டும் இருக்கும். கேலின் விஷம் அங்கேதான் வேலை செய்யும்.

கடைசியாகக் காசு விஷயம். ‘இன்னும் 40 நிமிடம்தான்’ என்று ஏதாவது ஒரு பெட்டி திரையில் எழும்பிக்கொண்டே இருக்கும். ஒரு கல்யாண ஆர்டருக்கு வந்த முன்பணத்தில் கொஞ்சம் எடுத்து இரண்டு முறை வாங்கினேன். அதில் வந்தவர்களும் அந்த எழுபது பேரோடு போய் உட்கார்ந்ததுதான் மிச்சம், யாரையும் வளர்க்காதபோது புது ஆள் வந்து என்ன செய்வார்? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் 6 நட்சத்திர ஆள் தயாரான பிறகு யோசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் போனை எடுப்பார்கள் என்றால் பிளே ஸ்டோர் செட்டிங்கில், எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். என் போனில் அந்தப் பாஸ்வேர்டு அக்கா மகனுக்கு மட்டும்தான் தெரியும். நான் கேட்டால் சொல்லமாட்டான்.