இஎம்டி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

இஎம்டி, அதாவது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தருகிறவருக்கான படிப்பை முடித்துவிட்டு, அமெரிக்காவில் அதற்குச் சான்றிதழ் தரும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி அமைப்பின் தேர்வை எழுதுகிறவர்களில், பாடம் நன்றாகத் தெரிந்திருந்தும் தோற்றுப்போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நோய்களின் அறிகுறிகள் தெரியும், மருந்தின் அளவு தெரியும், எலும்புகளின் பெயரைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள், ஆனாலும் தேர்வில் நழுவிவிடுகிறது. காரணம், அந்தத் தேர்வு பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த நோயாளியின் முன்னால் நிற்கிறீர்கள், இப்போது முதலில் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகளுமே சரியான செயல்களாக இருக்கும். அதில் இந்த நிமிடத்துக்கு உரியது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் மனப்பாடத்தால் வராது.

2025 ஏப்ரலில் தேர்வின் பாடப் பிரிப்பும் இதே திசையில் மாறியது. அதற்கு முன் மூச்சுப்பாதை, இதயம், காயம், பொது மருத்துவம் என்று தலைப்பு வாரியாக இருந்தது. இப்போது ஆம்புலன்ஸ் ஒரு அழைப்புக்குப் போனால் வேலை நடக்கிற வரிசையிலேயே பிரித்திருக்கிறார்கள்: சம்பவ இடத்தின் பாதுகாப்பு, முதல்நிலைப் பரிசோதனை (உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது), இரண்டாம்நிலைப் பரிசோதனை (அதன் பிறகு விவரமாகப் பார்ப்பது), சிகிச்சையும் நோயாளியைக் கொண்டுசெல்வதும், பணி நடைமுறைகள். இதில் முதல்நிலைப் பரிசோதனைக்கு மட்டுமே 40 சதவீதத்தை ஒட்டி வருகிறது, இரண்டாம்நிலைக்கு 10 சதவீதம்கூட இல்லை. ஆனால் படிக்கிறவர்களில் பலர் நேரத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். அரிதான நோய்களுக்கு ஒரு வாரம், மூச்சும் நாடியும் பார்ப்பதற்கு ஒரு மாலை, ஏனென்றால் அதுதான் தெரியுமே என்ற நினைப்பு.

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வினா இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பைக்கில் இருந்து விழுந்தவர், கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது, காலில் ரத்தம் மெதுவாகக் கசிகிறது, மூச்சு விடும்போது தொண்டையில் களகளவென்று சத்தம். கண் எலும்புக்குப் போகும். விடையோ அந்தச் சத்தத்தில் இருக்கிறது, தொண்டையில் ரத்தமோ வாந்தியோ தேங்கியிருக்கிறது, முதலில் சக்‌ஷன் (உறிஞ்சும் கருவி) வைத்து அதை எடுக்க வேண்டும். அதே வினாவில் காலில் இருந்து ரத்தம் பீய்ச்சியடிக்கிறது என்று எழுதியிருந்தால் விடை மாறிவிடும், உயிரைக் குடிக்கிற ரத்தப்போக்கை நிறுத்துவது மூச்சுப்பாதைக்கும் முன்னால் வரும். அருகில் அறுந்த மின்கம்பி கிடக்கிறது என்று ஒரு வரி இருந்தால் இரண்டுமே இல்லை, நீங்கள் கிட்டேயே போகக் கூடாது. ஒரு வினாவைப் படித்தவுடன் ‘இதில் எந்த ஒரு வரி மாறினால் என் விடை மாறும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்து வினாவை இப்படிப் படிப்பது நூறு வினாவை வேகமாகத் தட்டிவிடுவதைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அப்புறம் ஆக்சிஜன். எதற்கும் ஆக்சிஜன் கொடுத்தால் தப்பில்லை என்று ஒரு பழைய நம்பிக்கை இன்னும் பல குறிப்பேடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுவலியோடு இருப்பவர், மூச்சுத்திணறல் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 97 சதவீதம், அப்படியானால் ஆக்சிஜன் அங்கே முதல் வேலையே இல்லை. பொதுவாக 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, திணறல் தெரிந்தாலோதான் அதற்கு அவசரம். இதைவிட அதிகம் பேரை வீழ்த்துவது இன்னொன்று: மூச்சு விடுகிறார் என்பதையும் போதுமான அளவு மூச்சு விடுகிறார் என்பதையும் குழப்பிக்கொள்வது. வயதுவந்த ஒருவர் நிமிடத்துக்கு 6 முறைதான் மூச்சு விடுகிறார், அதுவும் மேலோட்டமாக, உதடு நீலமாகிவிட்டது. இவருக்கு நான்-ரீப்ரீதர் மாஸ்க் என்று தேர்ந்தெடுத்தால் தவறு. அந்த மாஸ்க் அவர் இழுக்கிற காற்றில் ஆக்சிஜனைக் கூட்டும், அவருக்காக மூச்சை இழுக்காது. கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை பொருத்திய பேக்-வால்வ்-மாஸ்க்கால் நீங்கள் மூச்சு கொடுக்க வேண்டும், 6 வினாடிக்கு ஒன்று. மூச்சின் எண்ணிக்கை, ஆழம், தோலின் நிறம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகாமல் தேர்வுக்குப் போகவே வேண்டாம்.

ரத்த அழுத்தத்திலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. பிபி சரியாக இருக்கிறது, ஆகவே ஷாக் (உடலுறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை) இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரத்தம் குறையக் குறைய உடல் நாடித்துடிப்பைக் கூட்டி, ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சமாளிக்கும், அதனால் பிபி கடைசியில்தான் விழும். பதற்றம், வேகமான நாடி, வெளுத்துக் குளிர்ந்த ஈரமான தோல், இவைதான் முன்கூட்டியே சொல்கிற அடையாளங்கள். குழந்தைகள் இன்னும் நீண்ட நேரம் பிபியைத் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று சரிந்துவிடுவார்கள், அதனால் குழந்தை பற்றிய வினாவில் பிபி எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள்.

வினாவில் இல்லாததைச் சேர்த்துப் படிப்பது இன்னொரு தவறு, இது புத்திசாலி மாணவர்களிடம்தான் அதிகம். ‘ஒருவேளை அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால்?’ என்று ஆரம்பித்து ஒரு கதையையே கட்டிவிடுவார்கள். கொடுத்திருப்பது மட்டுமே உங்கள் நோயாளி. இடம் பாதுகாப்பானது என்று வினாவே சொல்லிவிட்டால், இடத்தின் பாதுகாப்பை உறுதி செய்வேன் என்ற விடையை மறுபடி தேடிப் போக வேண்டியதில்லை, அந்தப் படி முடிந்துவிட்டது.

எண்களைக் காரணம் இல்லாமல் மனப்பாடம் செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வயாகரா வகை மாத்திரையைச் சமீபத்தில் எடுத்தவருக்கும் கூடாது என்பதும் பாடத்தில் இருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த மருந்து ரத்தக்குழாய்களை விரிக்கிறது, அழுத்தம் இன்னும் கீழே போகும். காரணம் புரிந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டாம், புதிதாக ஒரு சூழ்நிலை வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். சீனியர் கொடுத்த புத்தகம், எப்போதோ பதிவேற்றிய வீடியோ, இவற்றில் நல்ல விஷயங்கள் இருக்கலாம், ஆனால் வழிகாட்டுதல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாடி இருந்து மூச்சு போதாத குழந்தைக்கு 3 முதல் 5 வினாடிக்கு ஒரு மூச்சு என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள், அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2020-ல் அதை 2 முதல் 3 வினாடி என்று மாற்றியது. 2025 அக்டோபரில் அவர்களின் அடுத்த வழிகாட்டுதலும் வந்துவிட்டது. கையில் இருக்கிற புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்.

வினா வங்கிச் செயலிகள் நல்லவைதான், ஆனால் ஒரே வினாவை நாலாவது தடவை சரியாகத் தட்டுவது உங்கள் அறிவைக் காட்டாது, ஞாபகத்தைத்தான் காட்டும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: பாடமே தெரியவில்லையா, வினாவைச் சரியாகப் படிக்கவில்லையா, இல்லை வரிசை மாறிவிட்டதா. ஒரு வாரத்தில் உங்கள் பலவீனம் எது என்று அந்தத் தாளே சொல்லிவிடும், பெரும்பாலும் அது நீங்கள் நினைத்த பாடமாக இருக்காது.

தேர்வறையில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் தேர்வின் அமைப்பு தெரியாததால் வருகின்றன. நீங்கள் கொடுக்கும் விடையைப் பொறுத்து அடுத்த வினாவின் கடினம் மாறும் கணினித் தேர்வு இது. குறைந்தது 70 வினா, அதிகபட்சம் 120, நேரம் 2 மணி. ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, விடை சொல்லாமல் தாண்டவும் முடியாது. இடையில் 10 வினாக்கள் சோதனைக்காக வைத்தவை, மதிப்பெண் இல்லை, ஆனால் அவை எவை என்று உங்களுக்குத் தெரியாது. நன்றாக எழுதுகிறவருக்கும் வினாக்கள் கடினமாகிக்கொண்டே போகும், ‘எல்லாமே தெரியாத மாதிரி இருக்கிறதே’ என்ற உணர்வு எல்லோருக்கும் வரும், அதை வைத்துத் தோல்வி என்று முடிவு செய்து அடுத்தடுத்த வினாக்களைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 70-ல் திரை நின்றாலும் சரி, 120 வரை போனாலும் சரி, அதில் இருந்து தேர்ச்சியை ஊகிக்க முடியாது. பல விடைகளைத் தேர்ந்தெடுப்பது, படிகளை வரிசைப்படுத்துவது போன்ற வினாக்களும் இப்போது வருகின்றன, முன்பே பார்த்துப் பழகியிருங்கள்.

செய்முறைத் தேர்வை இஎம்டி நிலையில் மாநிலங்களோ பயிற்சி நிறுவனங்களோ நடத்துகின்றன. அதில் மனதுக்குள் நினைத்தது கணக்கில் வராது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையுறை போடுகிறேன் என்று சொல்லாமல், இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்காமல், நோயாளிக்குப் பதிலாக வைத்திருக்கும் பொம்மையைத் தொட்டுவிட்டால் தேர்வின் அந்தப் பகுதியே போய்விடும்.

படிப்பு முடிந்ததும் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். விதிப்படி 2 ஆண்டு அவகாசம் இருந்தாலும் மூன்று நான்கு மாதத்தில் பாதி மறந்துவிடும். பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றில் முன்னெழுத்து, இன்னொன்றில் முழுப் பெயர் என்று இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். தோற்றுவிட்டால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம், மூன்று முறை தவறினால் கூடுதல் பயிற்சி முடித்த பிறகுதான் அடுத்த வாய்ப்பு. எந்தப் பகுதியில் பின்தங்கினீர்கள் என்று தேர்வு நடத்துகிறவர்கள் சொல்வதை விட்டுவிட்டு, அதே புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து மறுபடி புரட்டாதீர்கள். தேர்ச்சி பெற்றவர்களும் அன்றைக்கே ஆம்புலன்ஸில் ஏறிவிட முடியாது, வேலை செய்ய மாநில உரிமம் தனியாக வேண்டும். அதற்கு என்னென்ன ஆவணங்கள் கேட்கிறார்கள் என்று தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.