விவாகரத்து பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்று எந்தத் துறையை எடுத்தாலும் இறுதியாண்டு ஆய்வுக்கு "விவாகரத்துக்கான காரணங்கள்" என்ற தலைப்போடு வருடா வருடம் சிலர் வந்து நிற்பார்கள். நல்ல தலைப்புதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலர் செய்வது என்னவென்றால் ஐம்பது பேரிடம் கேள்வித்தாளைக் கொடுத்து குடி, சந்தேகம், மாமியார், கருத்து வேறுபாடு என்று நாலு கட்டத்தில் டிக் வாங்கி, சதவீதம் போட்டு, பைண்டிங் கடைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த ஐம்பது பேரும் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது அதில் எங்கேயும் இருக்காது. கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட்டால் உருப்படியான ஆய்வாகவே செய்யலாம், அதற்குத்தான் இது.

முதலில் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். விவாகரத்து ஆனவர்களை மட்டும் தேடினால் பிரிந்தவர்களில் பெரும்பகுதி உங்கள் கண்ணில் படவே மாட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிந்து வாழ்பவர்கள், விவாகரத்தானவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர், பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல இரண்டரை மடங்கு. அதாவது கோர்ட் வாசலை மிதிக்காமலேயே முடிந்துபோன கல்யாணங்கள்தான் அதிகம். பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துவிட்டது, அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகாதது, வேலைக்கு என்று வெளியூர் போனவர் அப்படியே இருந்துவிட்டது, எல்லாம் இதில் அடக்கம். இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவே சில சமூகங்களில் வழக்கமாக உள்ள விவாகரத்து முறையை ஏற்றுக்கொள்கிறது, அதனால் கையில் தீர்ப்பு நகல் இல்லாதவரை "விவாகரத்து ஆகாதவர்" என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் நடந்த கல்யாணம் என்பதையும் ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்து இந்துக்களுக்கு 1976-இல் வந்தது, கிறிஸ்தவர்களுக்கு 2001-இல்தான் வந்தது. இதைக் கவனிக்காமல் இரண்டு சமூகத்தினர் எவ்வளவு காலம் பிரிந்திருந்துவிட்டு விவாகரத்து வாங்கினார்கள் என்று ஒப்பிட்டால் சட்டத்தின் தாமதத்தை மனிதர்களின் குணமாக எழுதிவிடுவீர்கள்.

அடுத்து அரசாங்கப் புள்ளிவிவரம். எடுத்தாளுங்கள், ஆனால் அது யார் கையால் எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டு எடுத்தாளுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் காரணம் "குடும்பப் பிரச்சினை" என்று இருக்கிறது, "திருமணம் தொடர்பான பிரச்சினை" தனியாக 4.8 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? கணவன் அடித்ததால் தற்கொலை செய்துகொண்ட பெண் எந்தக் கட்டத்தில் விழுகிறாள்? இறப்பு நடந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னதை ஸ்டேஷனில் ஒருவர் எழுதுகிறார், அது மாவட்டம், மாநிலம் என்று ஏறி அட்டவணையாகிறது. சொன்னவர்களே அந்தப் பிரச்சினையில் ஒரு தரப்பாக இருந்திருக்கலாம். அதனால் "குடும்பப் பிரச்சினை" என்பதை உங்கள் ஆய்வில் ஒரு காரணமாக எழுதவே எழுதாதீர்கள். அதை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

"விவாகரத்து பெருகிவிட்டது" என்று எழுத ஆசை வரும். வழக்கு எண்ணிக்கையை வைத்து அதைச் சொல்ல முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்கு வருவதெல்லாம் விவாகரத்து மனு அல்ல, சேர்ந்து வாழக் கேட்கும் மனு, ஜீவனாம்சம், பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, எல்லாம் அங்கேதான் வருகிறது. ஓர் ஊரில் புதிதாகக் குடும்ப நீதிமன்றம் திறந்தால் அதுவரை சார்பு நீதிமன்றத்தில் இருந்த வழக்குகள் அங்கே மாறும், எண்ணிக்கை திடீரென்று ஏறியது போலத் தெரியும்.

கோர்ட் ஆவணங்கள் கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மனுவில் இருக்கும் காரணம் வக்கீல் எழுதிய காரணம். சட்டத்தில் கொடுமை, இரண்டு வருடம் கைவிடுதல், பிறன்மனை உறவு என்று குறிப்பிட்ட சில வாசல்கள்தான் இருக்கின்றன, அதில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் நுழைய முடியும். பேசப் பிடிக்கவில்லை, படிக்க விடவில்லை, சம்பளத்தை அப்படியே தம்பியிடம் கொடுத்துவிட்டார், இதெல்லாம் மனுவில் "மன உளைச்சல்" என்ற ஒரே சொல்லாகிவிடும். பரஸ்பர சம்மத மனுவில் அதுகூட இருக்காது, ஒரு வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை என்பதோடு முடிந்துவிடும். ஆகவே நூறு மனுவைப் படித்து காரணங்களை எண்ணினால் உங்களுக்குக் கிடைப்பது சட்டப் பிரிவுகளின் பட்டியல்தான். பழைய கோப்புகளில் 498ஏ (கணவன் வீட்டாரின் கொடுமை), 125 (ஜீவனாம்சம்) என்று இருப்பது 2024 ஜூலைக்குப் பிறகு வந்தவற்றில் 85, 144 என்று மாறியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசாரணைகள் பொதுவாக மூடிய அறையில் நடப்பவை, அந்த விவரங்களை அச்சிடுவதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவில் தடையும் இருக்கிறது. தெரிந்த கிளார்க் மூலம் கட்டைப் புரட்டிப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சரி, நேர்காணலுக்கு வருவோம். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். திண்ணையில் பாய் போடுவார்கள், அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டு வருவார், அண்ணி கதவோரம் நிற்பார். நீங்கள் அந்தப் பெண்ணைப் பார்த்து கேள்வி கேட்பீர்கள், பதில் அம்மாவிடமிருந்து வரும்: "அவன் சரியில்லம்மா, நாங்கதான் கூட்டிட்டு வந்துட்டோம்." அந்தப் பெண் தலையை ஆட்டுவாள். இதைக் குறித்துக்கொண்டு கிளம்பி வந்தால் அது அம்மாவின் நேர்காணல். அம்மா சொல்வதையும் முழுசாகக் கேளுங்கள், அது தனி. அப்புறம் அந்தப் பெண்ணை அவள் வேலை செய்யும் இடத்திலோ, நூறு நாள் வேலையின் சாப்பாட்டு நேரத்திலோ, குழுக் கூட்டம் முடிந்த பிறகோ, அவளே சொல்லும் இடத்தில் பாருங்கள். தனிமை கிடைக்கவில்லையா, வன்முறை பற்றிய கேள்விகளை விட்டுவிடுங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே அப்படித்தான், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், அதுவும் தனிமை உறுதியானால் மட்டுமே அந்தப் பகுதியைக் கேட்கிறார்கள். 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னது அப்படிக் கேட்டதால்தான்.

தெருவில் யாராவது என்ன ஆய்வு என்று கேட்டால் பெண்களின் வேலை, உடல்நலம் பற்றியது என்று சொன்னால் போதும், ஆனால் பேசுபவரிடம் முழு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் யாராவது வந்துவிட்டால் உடனே மாற்றிக்கொள்ள, பிள்ளைகளின் படிப்பு, தடுப்பூசி என்று சில கேள்விகளைத் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் பிரிந்தீர்கள்" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் ஊரே கேட்டுவிட்டது, பதில் தயாராக இருக்கும், பல தடவை சொல்லித் தேய்ந்த பதிலாக இருக்கும். நான் எல்லோருக்கும் சொல்வது, ரேஷன் கார்டிலிருந்து ஆரம்பியுங்கள். "உங்க பேரு இப்ப எந்தக் கார்டுல இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கணவன் வீட்டுக் கார்டிலிருந்து பெயரை எடுக்கவில்லை என்பார், பிள்ளை பெயர் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பார், அம்மா வீட்டுக் கார்டில் சேர்ந்துவிட்டாலும் ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான் மகளிர் உரிமைத் தொகை என்பதால் அது அம்மாவுக்குப் போகிறது என்பார். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்குப் போனால் விவாகரத்துத் தீர்ப்பு கேட்கிறார்கள், இல்லையென்றால் ஐந்து வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்பார். ஒரு பிரிவு எங்கே தொடங்கியது, எங்கே இன்னும் முடியாமல் கிடக்கிறது என்பது இந்தப் பேச்சிலேயே தானாக வந்துவிடும். நகைகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்பது அடுத்த கேள்வி.

தேதி யாருக்கும் நினைவிருக்காது. ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, கல்யாணம், முதல் குழந்தை, கஜா புயல், கொரோனா ஊரடங்கு என்று அவர்களுக்குத் தெரிந்த நிகழ்வுகளைக் குறித்துவிட்டு "இதுக்கு முன்னாடியா பின்னாடியா" என்று கேளுங்கள். முதல் தடவை அம்மா வீட்டுக்கு வந்தது, சமாதானம் பேசித் திரும்பிப் போனது, மறுபடி வந்தது என்று கோடு நிரம்பும். எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டாள், அனுப்பியது யார் என்பது எனக்குக் காரணத்தைவிட முக்கியமாகப் படுகிறது. எந்தக் கேள்வித்தாளிலும் அதற்குக் கட்டம் இருப்பதில்லை.

ஆண்களிடமும் பேசுங்கள், அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், பேச வைப்பது அதைவிடக் கஷ்டம். பிள்ளையைப் பார்க்க முடியாதது, வீட்டில் சமைக்க ஆள் இல்லாதது, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று ஓரமாகத்தான் தொடங்குவார்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஒரே தம்பதியின் இரண்டு பேரையும் எடுக்காமல் இருப்பது நல்லது. ஒருவர் சொன்னது உங்கள் முகத்திலிருந்தே இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

ஒருவர் இப்போதும் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் குறிப்பேட்டை மூடிவிட்டு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் அந்த மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் எங்கே இருப்பார் என்பதையும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பதையும் சொல்லுங்கள். களத்துக்குப் போகும் முன்பே அந்த அலுவலகங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பூட்டிக் கிடக்கும் கதவுக்கு ஒருவரை அனுப்பக் கூடாது.

எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் "இரட்டைக் குழந்தைகளோடு பிரிந்து வாழும் செவிலியர்" என்று எழுதினால் யார் என்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஊரையும் மாற்றுங்கள் அல்லது பொதுவாக்குங்கள். ஒலிப்பதிவைப் போனிலேயே வைத்திருக்காமல் கடவுச்சொல் போட்ட இடத்துக்கு மாற்றி, எழுத்தாக்கியதும் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் வழிகாட்டிக்கு அனுப்பவே வேண்டாம்.