திருப்பாப்புலியூர் பின்கோடை உடைத்துப் பார்ப்போமா?

எங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு (பஸ் கண்டக்டர் வாயில் திருப்பாப்புலியூர்) பின்கோடு 607002. தபால்காரருக்கு அது ஒரு ஊர். இன்று நமக்கு அது ஆறு லட்சத்து ஏழாயிரத்து இரண்டு, அவ்வளவுதான். அதைப் பகா எண்களின் பெருக்கலாக உடைக்கப்போகிறோம். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேனா போதும்.

படி 1: கடைசி இலக்கம் 2, இரட்டைப்படை. பாதியாக்கினால் 303501.

படி 2: இலக்கங்களைக் கூட்டுங்கள். 3+0+3+5+0+1 = 12. அது 3-ஆல் வகுபடும், எண்ணும் வகுபடும். மிச்சம் 101167. மறுபடி கூட்டினால் 16. இனி 3 வேலைக்காகாது. கடைசி இலக்கம் 7 என்பதால் 5-ம் இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 3.

படி 3: 11-க்கு ஒரு குறுக்குவழி உண்டு. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டுங்கள். 1+1+6 = 8, 0+1+7 = 8. இரண்டும் சமம், ஆகவே வகுபடும். 101167 ÷ 11 = 9197.

படி 4: டியூஷன் பிள்ளைகள் பேனாவை மூடுவது இங்கேதான். "சார், இது பகா எண்தான் சார்." பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 11 மறுபடி போகாது. 13-ல் மீதி 6. ஆனால் எதுவரை பார்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது: வர்க்கமூலம் வரை. 96 × 96 = 9216, அதனால் 95 வரை போயாக வேண்டும். அடுத்த எண்ணிலேயே மாட்டிக்கொள்கிறது. 17 × 500 = 8500, மிச்சம் 697, அது 17 × 41. ஆக 9197 = 17 × 541.

541-க்கு 23 வரை பார்த்தால் போதும். 17-க்குக் கீழே உள்ளவற்றை ஏற்கெனவே கழித்துவிட்டோம். 17-ல் மீதி 14, 19-ல் 9, 23-ல் 12. பகா எண்! அதுவும் 2-லிருந்து எண்ணினால் சரியாக நூறாவது பகா எண்.

607002 = 2 × 3 × 11 × 17 × 541

இவ்வளவும் கிடைத்தபின் மற்றதெல்லாம் சுலபம். ஒரு வகுத்தியை (எண்ணை மீதியில்லாமல் வகுப்பது) உருவாக்க, ஐந்து பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; 2×2×2×2×2 = 32 வகுத்திகள். அந்த வகுத்திகளின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 சேர்த்துப் பெருக்குங்கள்: 3×4×12×18×542 = 14,04,864. அதிலிருந்து 607002-ஐக் கழித்தாலும் 7,97,862 நிற்கிறது, 607002-ஐவிடப் பெரிது. இதை மிகை எண் என்பார்கள். 6-ன் மடங்காக இருந்தாலே (6-ஐத் தவிர) இப்படித்தான் ஆகும்.

ஒவ்வொரு பகா எண்ணிலும் 1 கழித்துப் பெருக்கினால் 1×2×10×16×540 = 1,72,800. 1 முதல் 607002 வரை, அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக்காரணி இல்லாத எண்கள் இத்தனை. கணித மேதை ஆய்லர் தந்த வழி. இரண்டு நாளுக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். தற்செயல்தான்.

ஐந்து வெவ்வேறு பகாக் காரணிகள் என்பது கொஞ்சம் அதிகம். இந்த அளவு எண்ணுக்குச் சராசரியாக மூன்று போலத்தான் இருக்கும். அந்தப் போக்கை 1917-ல் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியோடு சேர்ந்து நிறுவியவர் ராமானுஜன். வேலை தேடி அவர் திருக்கோவிலூர் துணை கலெக்டர் ராமசாமி ஐயரிடம் நோட்டுப்புத்தகத்தோடு போய் நின்ற காலத்தில், அந்த ஊர் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

விருத்தாசலத்துக்காரர்கள் 606001-ஐ எடுங்கள். 2, 3, 5, 7 எதுவும் போகாது. 11 போகும், 55091 நிற்கும். அங்கிருந்து 234 வரை உங்கள் பாடு.