இரண்டு 'தட்' சத்தம்

அறுவைக்குப் பிந்தைய பயிற்சி கொடுக்கும் என்னைச் சுற்றவிட்டவர் ஓமலூர் பக்கத்துக் கபடி வீரர். ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் இணைப்பு நார்) அறுவை முடிந்து 9 மாதம். ஒற்றைக்கால் தாவலில் இரு காலும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனாலும் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் பயிற்சி முடித்தால் முட்டி வீங்கிவிடும். அளவு டேப் மேல் சந்தேகப்பட்டுத் தாவல் தூரத்தைத் திரும்ப அளந்தேன். ஷூவை மாற்றச் சொன்னேன். நான்கு நாள் வீண்.

அப்புறம் 30 செ.மீ. பெட்டியிலிருந்து இரு காலாலும் குதிக்கச் சொல்லிவிட்டு, கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுத்தேன். ஒரு 'தட்' கேட்க வேண்டிய இடத்தில் 'தட்-தட்'. போனில் ஸ்லோமோஷன் பார்த்தால் நல்ல கால்தான் முதலில் இறங்குகிறது! முன்னோக்கித் தாவும்போது இடுப்பும் கணுக்காலும் முட்டியின் குறையை மூடிவிடும், தூரம் காட்டிக்கொடுக்காது. சரி, ஒற்றைக்காலில் நேர்மேலே எம்பச் சொன்னேன். அறுவை செய்த காலில் எம்பியபோது சுவரில் சாக்பீஸ் கோடு, நல்ல காலின் கோட்டைவிட 7 செ.மீ. கீழே.

தொடை முன்தசைக்குத் தனியாகப் பளு கொடுத்தோம். எட்டாவது வாரம் ஒரே 'தட்'. வீக்கமும் இல்லை.